முழுப் பூசணி

ஜூன் 4

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

என் நம்பரை நீ போனில் பிளாக் பண்ணி அடைத்துவைத்திருக்கிறாய் என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது. கடிதத்தை அப்படி அடைக்க முடியாது. படிக்காமல் கிழித்துப் போட்டால் நஷ்டம் உனக்குத்தான். இதில் இருப்பது உன் மகளைப் பற்றிய விவரம்.

பாப்பா இருக்கிறாள். வந்த அன்று நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு தடவை துடித்த நாடி இப்போது நாற்பத்திநாலு. உடம்பில் சூடு இன்னும் ஏறவில்லை. இரண்டு கம்பளி போர்த்தி வெந்நீர்ப் பையும் வைத்திருக்கிறோம். கட்டிலை விட்டு இறங்க அனுமதி இல்லை, பாத்ரூமுக்குக்கூடச் சக்கர நாற்காலிதான். தினமும் காலையில் ரத்தம் எடுக்கிறோம், ஈசிஜி எடுக்கிறோம்.

நீ கொண்டு வந்த கேரியரை நான் கதவிலேயே பிடுங்கி வைத்ததற்குத்தானே அத்தனை கூச்சல்? காரணத்தைக் கேட்கிற நிலையில் அன்று நீ இல்லை. இப்போது கேள். மாசக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று வயிறு நிறையச் சாப்பாடு போனால், ரத்தத்தில் இருக்கிற உப்புகள், முக்கியமாகப் பாஸ்பேட், மடமடவென்று இறங்கும். இதயம் நின்றே போகலாம். அதனால்தான் முதலில் வைட்டமின் ஊசி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுவது. பதினான்கு வருஷமாக இந்த வார்டில் நர்ஸாக இதைத்தான் செய்கிறேன். என் அக்கா மகளுக்கும் செய்வேன் என்று நினைக்கவில்லை.

டாக்டர் அனோரெக்ஸியா என்றதும், ‘என் பொண்ணுக்கென்ன பைத்தியமா?’ என்று கேட்டாய். பைத்தியம் இல்லை. பசி இல்லாமல் போகிற நோயும் இல்லை. அவளுக்குப் பசிக்கிறது. அதை ஜெயிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பதினேழு வயதில் செத்துக்கொண்டிருக்கிறாள்.

‘பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும்’ என்று வராந்தாவில் நின்று கத்தினாய். வார்டே கேட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஞாயிறு நாலு முதல் ஐந்து வரை பார்க்கலாம். தின்பதற்கு எதுவும் கொண்டுவராதே. எடை, அளவு என்று எந்த எண்ணையும் அவள் காதில் போடாதே. நாங்களே அவளைத் தராசுக்கு முதுகு காட்டி நிற்க வைத்துத்தான் எடை பார்க்கிறோம்.

இப்போதைக்கு உன் தங்கை


ஜூன் 11

நர்ஸம்மாவுக்கு,

தங்கள் உத்தரவு கிடைத்தது. நாடி, உப்பு, ஊசி எல்லாம் படித்தேன். தையல்காரிக்குப் புரியாது என்று விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறவள் நீ. வந்தாய், அவளைப் பார்த்தாய், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போனாய். நான் காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து ஏறினேன். அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்த்தது. பிள்ளையைப் போலீஸ் பிடித்துப் போகிற மாதிரி இருந்தது.

மெலிந்துதான் இருந்தாள். யார் இல்லையென்றது? பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்த பிள்ளை. கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் எல்லாம், ‘உங்க பொண்ணு என்னமா மெலிஞ்சு அழகாயிட்டா, அப்படி என்னதான் சாப்பிடுறா?’ என்று என்னைக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், இருந்தது. எழுதிக்கொள்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். மூன்று வயதில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் பூசணி, என் குட்டிப் பூசணி’ என்று கொஞ்சின மகராசி யார்? நீ கொஞ்சிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாய். பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. தெருவுக்குப் போச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. ஆறாம் வகுப்பில் போர்டில் பூசணிக்காய் வரைந்து கீழே அவள் பேரை எழுதியிருந்தார்களாம். இப்போது நீ ‘பாப்பா’ என்று எழுதுகிறாய். ஏன், பூசணி என்று எழுதக் கை கூசுகிறதா?

நீங்கள் கொடுக்கிற அரை டம்ளர் பாலும் இரண்டு கரண்டி கஞ்சியும் பூனைக்குக்கூடப் போதாது. என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்.

உன் அத்தான் வேலையிடத்திலிருந்து போன் பண்ணினார். ‘சாப்பிடுறாளா?’ என்றார். ‘உங்க மச்சினியைக் கேளுங்க’ என்று வைத்துவிட்டேன்.

அவளைப் பெற்றவள்


ஜூன் 16

அவளைப் பெற்றவளுக்கு,

பூசணி என்று நான்தான் பேர் வைத்தேன். உன் கடிதம் வந்த அன்றே பெரிய டாக்டரிடம் போய் நானே சொன்னேன். ‘ஒரு பேரால இந்த நோய் வர்றதில்ல சிஸ்டர். அப்படி வந்தா பாதி ஊரு இங்கதான் படுத்திருக்கணும்’ என்றார். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பேர் என் வாயில் பிறந்தது. அது என்னோடு இருக்கட்டும்.

இப்போது உன் கணக்கு. அளவு கூட்டிவிட்டோம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று முறை சிற்றுண்டி. ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. நான் எதிரில் உட்காருவேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. முடியாது என்றால் மூக்கு வழியாகக் குழாய். நேற்று ஒரு துண்டு ரொட்டிக்கு நாற்பது நிமிஷம் அழுதாள். ‘நீங்க சித்தி இல்ல, ஜெயில் வார்டன்’ என்றாள். ‘சரி, வார்டன் சொல்றேன், சாப்பிடு’ என்றேன். சாப்பிட்டாள். அப்புறம் ஸ்டோர் ரூமுக்குப் போய் நான் அழுதேன்.

குளிப்பாட்டும்போது கேட்டேன்: ‘இவ்வளவு மெலிஞ்சிருக்கியே, அம்மா பார்க்கலையா?’ சிரித்தாள். ‘அம்மாதானே என் சட்டைய ஆறு தடவ பிடிச்சு இறுக்கித் தெச்சுக் குடுத்தாங்க. அவங்களுக்குத் தெரியாததா சித்தி?’

ஆறு தடவை!

ஒரு வருஷத்துக்குள் ஒரே பெண்ணின் சட்டையை ஆறு தடவை பிடித்திருக்கிறாய். உன் அளவு நோட்டில் தேதியோடு இருக்கும், எனக்குத் தெரியும். ஊரில் யார் உடம்பு அரை இஞ்ச் ஏறினாலும் டேப் போடாமலே சொல்கிறவள் நீ. ‘உடம்பு ஏறும், இறங்கும், உள்ள ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைக்கணும்’ என்று எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தபோதே சொன்னவள். உனக்குத் தெரியாமல் இது நடந்தது என்று என்னிடமே சொல்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீ மறைக்கப் பார்த்தது முழுப் பூசணி.

பரீட்சையாம்!


ஜூன் 27

தங்கச்சிக்கு,

பத்து நாள் எழுதவில்லை. என்ன எழுதுவது? நீ சொன்னது நிஜம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு தேதியும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவளே வந்து, ‘அம்மா, லூசா இருக்கும்மா’ என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். டேப்பைச் சுற்றினால் சிரிப்பாள். வீட்டில் வேறு எதற்கும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. தட்டு முன்னால் உட்கார்ந்தால் கல்லாக இருப்பாள், நான் கத்துவேன், அவள் கதவைச் சாத்துவாள். அளவெடுக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் எனக்கு மகளாக இருந்தாள். நான்காவது தடவை விலா எலும்பு டேப்புக்கு அடியில் தட்டுப்பட்டது. இருந்தும் பிடித்துத் தைத்தேன். தொளதொளவென்று இருந்தால்தானே மெலிந்தது தெரியும், சரியாகத் தைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு இல்லை, எனக்கே தெரியாமல் இருக்க.

போதுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தேன். உனக்கு அன்று டியூட்டி இல்லை என்றார்கள். நல்லதுதான். நெருப்பாக இருப்பாள் என்று பயந்துகொண்டே போனேன், என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி கவுனின் நாடா முடிச்சு முதுகெலும்பில் அழுத்திப் புண்ணாகியிருக்கிறது, பார்த்தாயா? அதனால் ஒரு கவுன் தைத்து அனுப்பியிருக்கிறேன். முடிச்சு இல்லை, பக்கவாட்டில் பட்டன். அவளுக்குக் கால் எப்போதும் சில்லிட்டுக் கிடக்கிறது, அதனால் அடிப்பக்கம் இரட்டைத் துணி வைத்துக் கனமாகத் தைத்திருக்கிறேன். விதி கிதி என்று சொல்லாமல் போட்டுவிடு. அடுத்தடுத்து இன்னும் இரண்டு அனுப்புகிறேன்.

வராந்தாவில் நான் கத்தியதை நீ மறக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

மூன்றாவது கவுனும் வந்துவிட்டது. எடை பார்க்கும்போது எல்லாரும் ஆஸ்பத்திரி கவுன்தான் போட வேண்டும் என்பது வார்டு விதி. முதுகுப் புண்ணைக் காட்டி அவளுக்கு மட்டும் நான் விலக்கு வாங்கினேன். ‘சிஸ்டர், உங்க பொறுப்பு’ என்றார் பெரிய டாக்டர். என் பொறுப்புதான் என்றேன்.

நல்ல செய்தி சொல்கிறேன், உட்கார்ந்து படி. எடை ஏறுகிறது. எண்ணைச் சொல்லமாட்டேன், ஆனால் வாராவாரம் ஒழுங்காக ஏறுகிறது. கட்டிலிலிருந்து இறங்கவிட்டோம். தினமும் எடுத்த ரத்தம் இப்போது வாரம் ஒரு முறைதான். காலையில் கால் மணி நேரம் கீழே தோட்டத்தில் நடக்கலாம். இப்படியே போனால் மாசக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள்.

நாடிதான் எடைக்குத் தகுந்த மாதிரி ஏறவில்லை. கையும் சில்லென்றே இருக்கிறது. டாக்டர் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சில உடம்புக்கு நாளாகும் என்று நான்தான் சொன்னேன்.

கவுனின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னச் சின்னத் தையல் உன் கையைத் தவிர யாருக்கும் வராது. எனக்கும் சொல்லிக் கொடுத்தாய், எனக்கு வந்ததெல்லாம் கோணல் தையல். ‘உனக்கு ஊசி போடத்தான் லாயக்கு’ என்று அன்றைக்கே சொன்னாய், அப்படியே ஆகிவிட்டது.

போனில் என் நம்பரை விடுவித்துவிடேன்.

தங்கை


ஜூலை 29

நீ ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த நாலு நாளும் நான் உன் முன்னால் வரவில்லை. வந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போது அவள் கண் திறந்துவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்துக்கு என்று போனவள் தோட்டத்துக்குப் போகவே இல்லை. தினமும் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறாள், சாப்பிட்டதை அங்கேயே வாந்தியும் எடுத்திருக்கிறாள். அன்று காலை எடை பார்த்த கையோடு, உன் கவுனிலேயே போய், இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்து கிடந்தாள். சர்க்கரை தரைமட்டம். பொட்டாசியம் இல்லை. இதயம் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. மார்பில் கரண்ட் வைக்க வேண்டும், கவுனைக் கத்தரியால் மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். அடி ஓரத்தை வெட்டியதும் தரையில் கலகலவென்று என்னவோ கொட்டியது. முதலில் கருவியில் எதுவோ கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.

ஈய வில்லைகள். ஜன்னல் திரை காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் வைத்துத் தைக்கிறதே, அது. என் கைக்குக் கீழே பாப்பாவின் நெஞ்சு, காலுக்குக் கீழே உன் ஈயம்.

மற்ற இரண்டு கவுனையும் அப்புறம் பிரித்தேன். முதலாவதில் கொஞ்சம், இரண்டாவதில் அதைவிடக் கூட, மூன்றாவதில் இன்னும் கூட. வாராவாரம் ‘ஒழுங்காக’ ஏறிய எடை! அந்த எடையைப் பார்த்துத்தான் கட்டிலிலிருந்து இறக்கினோம், அதைப் பார்த்துத்தான் ரத்தம் எடுப்பதைக் குறைத்தோம். தினமும் எடுத்திருந்தால் பொட்டாசியம் இறங்கியது முன்னாலேயே தெரிந்திருக்கும்.

விசாரணை நடந்தது. ‘வெளியிலிருந்து வந்த கவுன், கனமா இருக்கு, தனியா நிறுத்துப் பார்க்கலையா? ஓரத்தைத் தடவிக்கூடப் பார்க்கலையா?’ என்று கேட்டார்கள். எடையைக் கூட்டிக் காட்ட எதையாவது ஒளித்திருக்கிறார்களா என்று பதினான்கு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளின் சாக்ஸையும் முடியையும் தடவிப் பார்த்தவள் நான். ‘அது எங்கக்கா தையல்’ என்றேன்.

என்னை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடித்தளத்தில் பழைய பைல்கள் வைக்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.


ஆகஸ்ட் 8

தங்கச்சிக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுக்கமாட்டாய், கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ‘அம்மா, இங்க என்னைக் கொல்றாங்கம்மா. எடை ஏறினா விட்டுடுவாங்க. நீ ஒரு கவுன் தெச்சுக் குடு. வீட்டுக்கு வந்து உன் கையால சாப்பிடுறேன், சத்தியம்.’ சட்டையைப் பிடிக்கச் சொன்னதைத் தவிர இரண்டு வருஷமாக அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை. உன் கையால் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் எந்தத் தாய் வேண்டாமென்பாள்? ஈயத்தை உருக்கிக் குடி என்று சொல்லியிருந்தாலும் குடித்திருப்பேன்.

ஆனால் ஏமாந்துபோய்ச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். வில்லையை எண்ணி எண்ணி வைக்கும்போதே தெரியும். வாரத்துக்கு எவ்வளவு கூட்டினால் சந்தேகம் வராது என்று அவள் சொன்னாள், நான் தைத்தேன். ஆறு தடவை அவளுக்காக உள்ளே பிடித்தேன், ஏழாவது தடவை ஓரத்தில் வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றாய். கடைசியில் ஈயத்திலும் மறைத்தேன்.

உன்னையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள். என் தையல் என்று நம்பினாய், சரி. நாடி ஏறவில்லை, கை சில்லென்றிருக்கிறது, டாக்டரே யோசிக்கிறார். அப்போது ‘சில உடம்புக்கு நாளாகும்’ என்று சொன்னது யார்? அது நர்ஸ் பேச்சா? அது என் பேச்சு, தங்கச்சி. ‘பரீட்சை நேரம்’ என்று நான் சொன்னேனே, அதே பேச்சு. அவள் தேறிவிட்டாள் என்று நம்ப உனக்கும் என்னைப் போலவே ஆசை. அந்த விஷயத்தில் நீ பிள்ளை பெறாதவள் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

உன் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். பாராட்டா, அடியா என்று புரியவில்லை. அடி என்றே வைத்துக்கொள்கிறேன், நமக்கு அதுதான் பழக்கம்.

பாப்பா திரும்ப வார்டுக்கு வந்துவிட்டாள். மூக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். நான் போக முடியாது, தோழி ஒருத்தி வந்து சொல்கிறாள். முதலில் இருந்து எல்லாம் மறுபடி: கட்டில், கம்பளி, தினமும் ரத்தம்.

பெரிய டாக்டர் உன்னிடம் பேசுவார். வீட்டுக்கு அனுப்ப ஒரே வழிதான் இருக்கிறது. ஆறு வேளையும் நீ அவள் எதிரில் உட்கார வேண்டும். தட்டில் என்ன, எவ்வளவு என்பதை நீதான் முடிவு செய்வாய், அவள் இல்லை. அவள் கெஞ்சுவாள், நீ இரங்கக் கூடாது. திட்டுவாள், நீ திட்டக் கூடாது. எழுந்து போகக் கூடாது. ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். திரும்பவும் இறங்கலாம், திரும்பவும் இங்கே வரலாம். அதற்குள் அவள் உன்னை அடியோடு வெறுப்பாள். அவளிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு அவளைக் காப்பாற்ற முடியாது. வாங்க நினைத்துத்தான் நீ ஈயம் தைத்தாய்.

உன்னால் முடியாது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். என் கருத்தைக் கேட்டார்கள், சொன்னேன். அவர் உனக்கே கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்.

எனக்கு இனி எழுதாதே.


அக்டோபர் 23

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டேன்?

வீட்டுக்கு வந்து முப்பத்தைந்து நாள். ஆறு வேளைக்கும் தினமும் கடையை ஆறு தடவை அடைத்துத் திறக்கிறேன். முதல் வாரம் இரண்டு தட்டு உடைந்தது. இப்போது எவர்சில்வர். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, சில நாள் இரண்டு. ‘உன்னாலதான் நான் செத்தேன்’ என்கிறாள். ‘சாப்பிடு’ என்கிறேன். ‘நீதானே ஈயம் தெச்சே, இப்ப நல்லவ மாதிரி உக்காந்திருக்க’ என்கிறாள். ‘சாப்பிடு’ என்கிறேன்.

போன வாரம் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி கடைக்கு வந்து, அவளைப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, கன்னம் வச்சிருச்சே, முன்னாடிதான் அழகா இருந்தா’ என்றாள். அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பைச் சுருட்டி, துணியை மடித்து அவள் கையில் கொடுத்து, வேறு கடை பார்த்துக்கொள் என்று அனுப்பினேன். பாப்பா அன்று மத்தியானம் தட்டைத் தொடவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

செவ்வாய்தோறும் இங்கே உள்ள டாக்டரிடம் எடையும் நாடியும் ரத்தமும் பார்க்கிறோம். எடை பார்க்கிற அறைக்குள் என்னை விடுவதில்லை. நியாயம்தான். நாடி ஐம்பத்தெட்டு. அந்த எண்ணை அவளுக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய பழைய சட்டைகள் இறுக்க ஆரம்பித்துவிட்டன. இறுக்கினால் அவளுக்கு வெறி பிடிக்கிறது, தட்டைத் தள்ளிவிடுகிறாள். பிரித்துவிடலாம் என்று நேற்று எல்லாவற்றையும் எடுத்து உள்பக்கம் திருப்பினேன். உள்ளே துணி இல்லை. ஒன்றில்கூட இல்லை. ஒவ்வொரு தடவை பிடித்தபோதும் மீதியை நான் வெட்டி எறிந்திருக்கிறேன். ‘தடிப்பாத் தெரியுதும்மா’ என்று அவள் சொன்னாள், வெட்டினேன். முப்பது வருஷத்தில் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. ஊர்க்காரர்கள் எல்லாருடைய உடம்பும் திரும்ப ஏறும் என்று இரண்டு விரல் விட்டவள், பெற்ற பிள்ளைக்கு விடவில்லை. இதை டாக்டரிடம் சொன்னால் புரியாது. உனக்குப் புரியும்.

சட்டைகளை எல்லாம் துடைக்கிற துணியாகக் கிழித்துவிட்டேன். புதிதாக இரண்டு தைத்திருக்கிறேன், டேப் போடவில்லை, கண் மதிப்புதான். உள்ளே மூன்று விரல் விட்டிருக்கிறேன்.

இன்று காலை புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரொட்டியும் முட்டையும். முட்டையை ஐம்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள், கெஞ்சினாள், ‘பாதி மட்டும்மா’ என்றாள். முழுசும் என்றேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பு. ‘நீயும் சித்தி மாதிரியே ஆயிட்டே’ என்றாள்.

அப்புறம் சாப்பிட்டாள்.

திட்டுவதற்காகத்தான் சொன்னாள். இருந்தாலும் உனக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா